ஏரி திறந்த வாரத்தில் ஒரு சைவக்காரன்

"சாப்பிடுவது மட்டும்தான் வேலை" என்று சொல்லித்தான் என்னை அனுப்பினான் ஏழுமலை. அந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் கிள்ளான் நகரில் இல்லை. வயிற்றுப் பக்கம் திணறிக்கொண்டிருக்கும் என் சட்டைப் பித்தான்களைக் கேட்டால் சொல்லும்.

ஏழுமலை என் டயர் கடையில் வேலை பார்ப்பவன். சொந்த ஊர் தமிழ்நாட்டில், உத்திரமேரூருக்கும் சாலவாக்கத்துக்கும் நடுவே ஓர் ஏரிக்கரைக் கிராமம். அதே ஊரில் பவித்ரா என்றொரு பெண். இருவரும் தொலைபேசியிலேயே எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். பாக்கி இருந்தது பவித்ராவின் அப்பா முனுசாமி மட்டும்தான். அவருக்கு ஒரு சந்தேகம். பையன் மலேசியாவில் நிஜமாகவே வேலையில் இருக்கிறானா, இல்லை எங்கேயாவது மாட்டிக்கொண்டு புகைப்படம் மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறானா?

"அவன் மொதலாளியே நேர்ல வந்து என் வூட்ல கை நனைக்கட்டும். அப்பதான் பொண்ணு. ஆடிக்குள்ள வரலன்னா வேற எடம் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

கை நனைப்பது என்றால் பெண் வீட்டில் உட்கார்ந்து சோறு சாப்பிடுவது. பெண் பார்க்கப் போகிறவர்கள், சம்பந்தம் உறுதியாகும்வரை அந்த வீட்டில் காபியைத் தாண்ட மாட்டார்கள். இலையில் கை வைத்துவிட்டால் சம்மதம். வைக்காமல் எழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். கையெழுத்து, முத்திரை எல்லாம் அந்த ஒரு பிடி சோறுதான். ஏழுமலைக்கு அப்பா அம்மா இல்லை. கல்யாணத்துக்கு மட்டும்தான் லீவு கொடுப்பேன், அதற்கு முன்னால் கிடையாது என்று அவனிடம் சொல்லியிருந்த கல்நெஞ்சக்காரன் நான்தான். ஆகவே நானே போக வேண்டியதாயிற்று.

கல் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் சைவம். பிறவிச் சைவம் இல்லை, சிறுநீரகக் கல் சைவம். சில வருடங்களுக்கு முன்பு ஒரு கல் என்னைத் தரையில் போட்டு உருட்டியபோது, "அப்பனே முருகா, இதை வெளியே எடுத்துவிடு, இனிமேல் மீன், கறி, முட்டை எதையும் தொடமாட்டேன்" என்று பத்துமலைத் திசையைப் பார்த்துக் கத்திவிட்டேன். விடிவதற்குள் கல் வந்துவிட்டது. முருகன் தன் பங்கை முடித்துவிட்டார். என் பங்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஊரில் அது ஒரு கஷ்டமே இல்லை. சீனர்களின் சைவக் கடைக்குப் போனால் சோயாவில் மீன் செய்து, அதில் செதிலைக்கூடச் செதுக்கி வைத்திருப்பார்கள். தமிழ்நாட்டிலா சைவத்துக்குப் பஞ்சம் என்று சிரித்துக்கொண்டே விமானம் ஏறினேன்.

கடலோரத்து மீனவக் குப்பங்களில் சைவச் சாப்பாடு தேடி அலைந்தவர்களின் கதையைக் கேட்டிருக்கிறேன். கடலே இல்லாத ஊரில் எனக்கு அது நடந்தது.

நான் போய் இறங்கியது ஏரி திறந்த வாரம். வெயிலில் ஏரி வற்றி, குத்தகைக்காரர் தன் வலையைச் சுருட்டிக்கொண்டு போனதும், மிச்சமிருக்கும் முழங்கால் தண்ணீரில் யார் வேண்டுமானாலும் இறங்கிப் பிடித்துக்கொள்ளலாம். ஊரே இறங்கியிருந்தது. வலை உள்ளவர்கள் வலையோடு, இல்லாதவர்கள் மூங்கில் கூடையோடு, அதுவும் இல்லாதவர்கள் பழைய கொசுவலையோடு. தெருவில் எதிர்ப்பட்ட பூனைகள் மீன் தலையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின. அந்த அளவுக்கு மீன்.

ஏழுமலையின் தாய்மாமன் கன்னியப்பன் வீட்டில்தான் தங்கினேன். இடுப்புவரை சேறும் காதுவரை சிரிப்புமாக வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"நல்ல நேரத்துல வந்துகிறீங்க சார். பொதன்கெயம நாள் நல்லாகீது, அன்னிக்கி முனுசாமி வூட்ல கை நனைக்கலாம். அதுவரைக்கும் நம்ம வூட்ல தெனம் விராலுதான்."

"நான் சைவங்க" என்றேன்.

கன்னியப்பன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். "எத்தினி நாளாண்ணா இப்பிடி?" என்று ஆஸ்பத்திரியில் விசாரிக்கிற குரலில் கேட்டார்.

முதல் சாப்பாட்டிலேயே புரிந்துவிட்டது. சிவப்பாகக் குழம்பு வந்தது. புளியும் மிளகாயும் மணந்தன. கூடவே இன்னொன்றும் மணந்தது.

"மீனெல்லாம் எடுத்துட்டேண்ணா. வெறும் கொயம்புதான்."

"இதில் மீன் இருந்ததா?"

"இருந்துச்சி. இப்ப இல்லியே."

குழம்பைத் தள்ளி வைத்தேன். அடுத்துக் கீரை வந்தது. ஆசையாகக் கிளறினேன். உள்ளேயிருந்து ஒரு சின்னக் கண் என்னைப் பார்த்தது.

"அது கருவாடுண்ணா. காஞ்சி எத்தினி மாசம் ஆவுது. அதப்போயி மீனுன்னுக்கினு."

மூன்றாவதாக முட்டை. அதையும் வேண்டாம் என்றபோது, இவன் நிஜமாகவே டயர் கடை முதலாளிதானா என்ற சந்தேகம் அந்த வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டதைப் பார்த்தேன். மோர் கேட்டேன். மாடு சினையாக இருந்தது. வெறும் சோறு கேட்டேன். சோற்றுக்கும் குழம்புக்கும் அந்த வீட்டில் ஒரே கரண்டி. கடைசியில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக் கடித்துக்கொண்டு முருகனுக்கு நன்றி சொன்னேன்.

சாயங்காலம் கன்னியப்பன் வாசலில் இருந்து கூப்பிட்டார். "சார், பொண்ணு வூட்ல இருந்து ஜிலேபி குட்த்தனுப்பிச்சிகிறாங்க."

என் வயதுக்கும் எடைக்கும் அப்படி ஓடியிருக்கக் கூடாது. ஓடிப்போய்ப் பார்த்தால், பிளாஸ்டிக் தொட்டியில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன அந்த ஜிலேபிகள். இங்கே அது ஒரு கெண்டை மீனின் பெயர். பசியில் நானும் அதே மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் உத்திரமேரூர் போய்விடுவது என்று முடிவு செய்தேன். அங்கே சைவ ஓட்டல் இருக்கிறது, வாழையிலையில் சாம்பார், ரசம், பொரியல் எல்லாம் உண்டு என்று கன்னியப்பன் சத்தியம் செய்தார். டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். வரவில்லை. "டிரைவரு நம்ம ஏரிக்கரையோரமா வண்டிய நிறுத்திட்டு எறங்கிட்டான் போல" என்றார் ஒருவர். பொய்யாக இருக்கலாம். அந்த வாரத்தில் எதையும் நம்பலாம்.

கன்னியப்பனின் மொபெட்டில் கிளம்பினோம். முன்னால் மைத்துனிக்குக் கொடுக்க ஒரு தொட்டி மீன், நடுவில் கன்னியப்பன், பின்னால் நான். பாதி வழியில் பின்சக்கரம் பெருமூச்சு விட்டது. பஞ்சர்.

இந்த இடத்தில் என் தொழிலை மறுபடியும் நினைவுபடுத்துகிறேன். என் கடைக்கு வந்து நிற்கும் லாரியின் டயரைத் தட்டிப் பார்த்தே அது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்கிறவன் நான். அந்தச் சாலையில் ஒரு கைப்பம்புகூட இல்லாமல், மீன் தொட்டியை ஒரு கையில் பிடித்தபடி, மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போனேன். பஞ்சர் கடை வந்தது. பூட்டியிருந்தது. கடைக்காரர் எங்கே போயிருப்பார் என்று கேட்கும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

எதிரே சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் நின்று நிதானமாக எங்களைப் பார்த்தார்.

"இன்னா கன்னியப்பா, வண்டி தள்ள மலேசியாவுல இருந்து ஆள் இட்டாந்துகிற?"

"மொதலாளிப்பா அவுரு."

"அப்பிடியா. தள்றதப் பாத்தா தெரியல."

பனைமரத்தடியில் நுங்கு விற்றார்கள். சைவம்தானே என்று உட்கார்ந்து, வெட்டுகிறவர் கை ஓயும்வரை சாப்பிட்டேன். அதன் பிறகு உத்திரமேரூரை நினைக்க நேரமில்லை. பனைமரத்துக்குப் பின்னால் புதரைத் தேட வேண்டியிருந்தது.

அதற்கும் மறுநாள் காலை, எல்லோரும் ஏரிக்குப் போன பிறகு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தேன். வீட்டுக்கு வீடு மீன் வாசனை மாறிக்கொண்டே வந்தது. இங்கே வறுவல், அங்கே குழம்பு, அதற்கடுத்த வீட்டில் அலசிய தண்ணீர். திடீரென்று ஒரு வேலிக்குப் பின்னாலிருந்து பெருங்காயம். துவரம்பருப்பு. முருங்கைக்காய். கால்கள் என்னைக் கேட்காமலேயே உள்ளே போய்விட்டன.

மஞ்சள் வேட்டியும் மணிக்கட்டில் மஞ்சள் காப்புமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் வேலு. பக்கத்து ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் தீ மிதிக்க வேண்டிக்கொண்டு காப்புக் கட்டியிருக்கிறார். காப்பு அவிழ்க்கும்வரை அந்த வீட்டில் மீனே கிடையாது. ஏரி திறந்த வாரத்தில் இப்படி மாட்டிக்கொண்டோமே என்ற துயரம் அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

"உள்ள வாங்க, சாப்புடுங்க" என்றார் அவர் மனைவி.

மறுப்பவனா நான்? சாம்பார், உருளைக்கிழங்கு, ரசம். முதல் சுற்று எப்படிப் போனது என்றே தெரியவில்லை. இரண்டாவது சுற்றில்தான் அந்த அம்மாள் பேச ஆரம்பித்தார்.

"ஏயுமல நல்ல பையன்தானே?"

வாய் நிறையச் சோறு. தலையை ஆட்டினேன்.

"குடிகிடி ஒண்ணும் இல்லியே?"

ஆட்டினேன்.

"எங்க ரேவதியும் நர்சிங் முடிச்சிகீது. அங்கயே ஆஸ்பத்திரில வேல கெடைக்குமா?"

இதற்கும் ஆட்டினேன். நல்ல ரசம் அது. இன்னும் நாலைந்து கேள்விகள் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆட்டினேன். அந்த நேரத்தில் என் கடையை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பேன்.

ஏப்பம் விட்டபடி வெளியே வந்தபோது வாசலில் இரண்டு பெண்கள் மீன் கூடையோடு நின்று என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். விருந்தாளியை எல்லோரும் பார்ப்பார்கள்தானே என்று கையசைத்துவிட்டுப் போனேன்.

மத்தியானம் கன்னியப்பன் ஏரியிலிருந்து சேறு சொட்டச் சொட்ட ஓடிவந்தார். சிரிப்பு எங்கோ விழுந்திருந்தது.

"இன்னா சார் இப்பிடி பண்ணி வெச்சிகிறீங்க? வேலு வூட்ல கை நனைச்சீங்களாமே?"

"சாப்பிட்டேன். ஏன்?"

"அந்த வூட்ல கட்டிக் குடுக்கற வயசுல பொண்ணு கீது சார். புள்ள வூட்டு ஆளு போயி குந்தி சாப்ட்டா ஊரு இன்னா பேசும்? ஏயுமலைக்கு ரேவதிய முடிச்சிட்டாங்கன்னு ஏரி பூரா பேச்சு. அதுவும் வேலு யாரு? முனுசாமியோட சொந்தத் தம்பி. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது."

அண்ணன் தம்பிக்குள் என்ன சண்டை என்று பிறகு விசாரித்தேன். இருவருக்குமே சரியாக நினைவில்லை. ஏதோ ஓர் ஆடு சம்பந்தப்பட்டது என்றார்கள். ஆடும் இப்போது உயிரோடு இல்லை.

கன்னியப்பனின் தொலைபேசி ஒலித்தது. கிள்ளானிலிருந்து ஏழுமலை. எனக்கு முன்பே செய்தி கடல் தாண்டிவிட்டது.

"அண்ணே" என்றான். "பவித்ரா அய்துக்கினே கீறாண்ணே. அவங்கப்பா இந்தப் பேச்சே வேணாம்னுட்டாராம். உங்ககிட்ட நான் ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன். அந்த வூட்ல போயி சாப்புடுங்கன்னு."

கடையில் எந்தத் தப்புக்கும் அவனைப் பார்த்து நான் கத்துவேன். அவன் என்னிடம் கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கன்னியப்பனோடு நேராக ஏரிக்குள் இறங்கினேன்.

முனுசாமி நடு ஏரியில் வலையோடு நின்றார். மீசை ஈரமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் வலையைப் பார்த்தார்.

"ஜிலேபி குட்த்தனுப்பிச்சேன். விரால் குட்த்தனுப்பிச்சேன். ஒரு துண்டு தொடல. எந்தம்பி வூட்ல மட்டும் கேட்டுக் கேட்டு வாங்கி சாப்ட்டாராம்" என்றார் தண்ணீரிடம். "மலேசியாக்காரருக்கு எங்க வூடு புடிக்கலன்னா சொல்லிட்டுப் போவட்டும். அதுக்கு இன்னாத்துக்கு இந்த வேல?"

சேற்றில் நின்றபடி என் கல்லின் கதையைச் சொன்னேன். வலித்தது, உருண்டது, கத்தியது, வேண்டிக்கொண்டது, எதையும் மறைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் வலைகள் நின்றுவிட்டன. சொல்லி முடித்தபோது மொத்த ஏரியும் என் சிறுநீர்ப்பாதையைப் பற்றித் தெரிந்துவைத்திருந்தது.

"கல்லு எம்மாம் பெர்சு?" என்றார் முனுசாமி.

விரல் நுனியில் காட்டினேன். மிளகைவிடச் சின்னது.

"இத்தினிக்கானு கல்லுக்கு மொத்த மீனையும் வுட்டுட்டியா நைனா?" என்றார் கூடை வைத்திருந்த ஒரு பாட்டி. ஏரி சிரித்தது. முனுசாமி சிரிக்கவில்லை. ஆனால் மீசை கொஞ்சம் அசைந்தது.

"வேண்டிக்கினதுன்னா சரி. அத மீறச் சொல்ல முடியாது." வலையைத் தோளில் போட்டார். "நாளைக்கிதான் பொதன்கெயம. என் வூட்ல சைவம். தம்பி வூட்ல எத்தினி கறி போட்டான்?"

"ஒன்று."

"நம்ம வூட்ல நாலு."

அந்த நாலு கறிக்காக அவர் வீடு பட்ட பாடு எனக்குக் காலையில்தான் தெரிந்தது. மீன் வாடை இருக்கக் கூடாதென்று புதுப் பானை, புதுச் சட்டி, புதுக் கரண்டி. முருங்கை மரத்தில் முனுசாமியே ஏறியிருந்தார். ஆனால் அவர் மனைவிக்குக் கை பழகியது ஒரே பழக்கம். வாழைக்காயை வஞ்சிரத் துண்டுபோல் குறுக்கே வெட்டி, மீன் மசாலா தடவி, கல்லில் வறுத்திருந்தார். சேப்பங்கிழங்கையும் அப்படியே. கத்திரிக்காய் மாங்காய் போட்ட குழம்பு, மீன் குழம்பேதான். மீன் மட்டும் அதில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அந்தச் சீனக் கடைக்காரர் பார்த்திருந்தால் செதில் வரைவதை விட்டிருப்பார்.

மீனுக்கென்றே வந்திருந்த உறவுக்காரர்கள் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏரி திறந்த வாரத்துல முருங்கக்காய உறிஞ்ச வெச்சிட்டாரே மனுசன்" என்று யாரோ முனகினார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

இலை போட்டார்கள். உட்கார்ந்தேன். கையை நீட்டப் போனபோது கன்னியப்பன் என் முழங்கையைப் பிடித்தார். பெண் வீட்டுப் பங்காளி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் கணக்காம். முனுசாமிக்குப் பங்காளி என்றால் ஒரே ஒரு தம்பி. என் பக்கத்து இலை காலியாகக் கிடந்தது. எல்லோரும் அந்த இலையைப் பார்த்தார்கள். அடுத்த வீடுதான் வேலுவுடையது; அவர் தன் வேலிக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். வேலியோரம் ரேவதி.

முனுசாமி தொண்டையைச் செருமினார். "ரேவதி, சோறு ஆறுதுன்னு உங்கப்பன்கிட்ட சொல்லு."

"பெரிப்பா சோறு ஆறுதுங்கறாருபா."

"கேட்டுச்சி. நான் காப்புல கீறேன். கண்ட சட்டில சாப்பிட மாட்டேன்னு சொல்லு."

"புதுச் சட்டின்னு சொல்லு."

"நெஜமாலுமான்னு கேளு."

"நீங்களே பேசிக்கங்க, எனுக்கு வேற வேல இல்லியா" என்றாள் ரேவதி. பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டு நாளா என்ன மலேசியா மருமவள்னு ஊரே கூப்புடுது சார். ஏயுமல ஸ்கூல்ல எனுக்குப் பின்னால குந்திக்கினு மூக்கு நோண்டிக்கினு இருந்தவன். சீக்கிரம் சாப்ட்டு என்ன காப்பாத்துங்க" என்றாள்.

வேலு வேலியைத் தாண்டி வந்தார். அண்ணனைப் பார்க்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முனுசாமி தம்பியைப் பார்க்காமல் அவர் இலையில் வாழைக்காயை வைத்தார். ஒரு துண்டு. பிறகு இன்னொரு துண்டு. வேலு போதும் என்று கையைக் காட்டவில்லை.

கதவோரம் பவித்ரா தொலைபேசியை எங்கள் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேற்று அழுத கண் இன்னும் வீங்கியிருந்தது. திரையில் ஏழுமலையின் முகம். அவனுக்குப் பின்னால் என் கடை ஆட்கள் மொத்தமும். வாடிக்கையாளர் யாரையும் காணோம். இதைப் பற்றிப் பிறகு விசாரிக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

சோற்றில் குழம்பை ஊற்றினார்கள். பிசைந்தேன். அவ்வளவு பேர் என் கையைப் பார்த்து நான் சாப்பிட்டதே இல்லை. முதல் கவளம் வாய்க்குள் போனதும் வீடு மூச்சு விட்டது.

"அண்ணே?" என்றான் ஏழுமலை. "நனைச்சிட்டீங்களா?"

பேச வாய் காலியில்லை. தலையாட்டுகிற வேலையை நான் நேற்றோடு விட்டிருந்தேன். குழம்பு வழிகிற கையை அப்படியே மேலே தூக்கி, கேமராவுக்கு நேராகக் காட்டினேன். கிள்ளானில் டயர் கடை கூரை போகிற மாதிரி சத்தம். பவித்ரா தொலைபேசியைத் தன் முகத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

"கைய எறக்குங்க சம்மந்தி" என்றார் முனுசாமி, சோற்றுச் சட்டியோடு குனிந்து. "சொக்கா பூரா கொயம்பு."